நாலு பேர் வேண்டும்: வடசென்னையில் டைரி வட்டம் தொடங்கும் முறை

தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ எர்ணாவூரிலோ புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள். வேலை கிடைத்துவிட்டது. அட்வான்ஸ் கொடுத்து வீடு பிடித்தாயிற்று. கேஸ் இணைப்பு, ரேஷன் கார்டு முகவரி எல்லாம் மாற்றியாயிற்று. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு மனதில் கிடப்பதை எடுத்துச் சொல்ல ஒரு ஆள் இல்லை. ஊரில் இருப்பவர்களிடம் போனில் சொன்னால் கவலைப்படுவார்கள். பக்கத்து வீட்டில் சொன்னால் மறுநாள் குழாயடியில் நிற்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் வேண்டும். அதை நீங்களே உண்டாக்கிக்கொள்ள முடியும்.

டைரி வட்டம் என்றால் நான்கு முதல் எட்டுப் பேர் வாரம் ஒருமுறை கூடி, அந்த வாரம் தங்களுக்கு நடந்ததைக் கையால் எழுதி, ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவது. இலக்கியம் தேவையில்லை. எழுத்துப்பிழையை யாரும் பார்க்கக் கூடாது. தொடங்கிய வட்டங்கள் இரண்டாவது மாதத்தில் கலைவதற்கு ஆர்வக் குறைவைப் பழி சொல்வார்கள். உண்மையில் இடம், நேரம், பணம், வாய் என்ற நான்கில் ஏதோ ஒன்றைப் பற்றி முதலிலேயே பேசி வைக்காததுதான் காரணமாக இருக்கும். அதனால் கீழே உள்ளவற்றை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் மணிக்கணக்கைப் போடுங்கள்

அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். முகம் தெரிந்தவர் சாதாரண நண்பராக மாற ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும், நண்பர் என்று சொல்லும் அளவுக்கு வர 90 மணி நேரம், நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல் என்று அதில் கண்டார். அங்கே எடுத்த கணக்கு நம் தெருவுக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை. ஆனால் திட்டம் போட இதைவிட நல்ல அளவுகோல் கைவசம் இல்லை.

வாரம் 2 மணி நேரம் என்றால் 50 மணி நேரம் சேர 25 வாரம் ஆகும். 90-க்கு 45 வாரம். நடுவில் தீபாவளி, பொங்கல், மழை என்று விடுபடும் வாரங்களையும் சேர்த்தால் முழுதாக ஒரு வருடம். ஆகவே மூன்றாவது வாரத்தில் "இன்னும் ஒட்டவே இல்லையே" என்று தோன்றினால் அது இயல்பு. சேரும் ஒவ்வொருவரிடமும் முதல் நாளே சொல்லுங்கள்: "ஆறு மாசம் வந்து பாருங்க, அதுக்கப்புறம் முடிவு பண்ணுங்க." இதைச் சொல்லாமல் ஆரம்பித்தால் நான்காவது வாரம் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள்.

2. ஆள் சேர்ப்பது: நான்கில் தொடங்கி எட்டில் நிறுத்துங்கள்

நான்குக்குக் கீழே போனால் ஒருவர் வராத நாளில் கூட்டம் இரண்டு பேராகச் சுருங்கி, பேச்சு வம்பாக மாறிவிடும். எட்டுக்கு மேல் போனால் வாசிக்கும் முறை வரக் காத்திருக்கும் வாரங்கள் கூடிவிடும். ஒன்பதாவது ஆள் வந்து நின்றால் மனசு கேட்காமல் சேர்த்துக்கொள்ளாதீர்கள். இரண்டாவது வட்டம் ஒன்றைத் தொடங்க உதவி செய்யுங்கள்.

எங்கே தேடுவது? கிளை நூலகத்துக்கு நாளிதழ் படிக்கத் தினமும் வருகிறவர்கள், டைப்ரைட்டிங் வகுப்பு, தையல் வகுப்பு, பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டு வாசலில் காத்திருக்கும் அம்மாக்கள், ஒரே மின்சார ரயிலில் தினமும் ஏறும் முகங்கள். வாட்ஸ்அப்பில் அறிவிப்பு போட்டு ஆள் பிடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படி வருகிறவர்களில் யார் எதற்கு வருகிறார்கள் என்று தெரியாது. நேரில் இரண்டு தடவையாவது பேசிய பிறகு கூப்பிடுங்கள்.

வடசென்னையில் ஆண்களுக்குக் கேரம் கிளப் இருக்கிறது, கால்பந்து மைதானம் இருக்கிறது, மன்றம் இருக்கிறது. ஒன்றும் இல்லாவிட்டால் டீக்கடை பெஞ்சாவது உண்டு. பெண்கள் ஒரு மணி நேரம் சும்மா உட்கார ஒரு இடமும் கிடையாது. எனவே பெண்கள் மட்டும் சேர்ந்து ஒரு வட்டம் தொடங்குவது மிக நல்லது. ஆணும் பெண்ணும் கலந்த வட்டம் என்றால் குறைந்தது மூன்று பெண்கள் இருக்கட்டும். ஒரே ஒரு பெண்ணை உட்கார வைத்து நடத்தாதீர்கள். அந்த அம்மா வாய் திறக்கவே மாட்டார், இரண்டாவது வாரம் வரவும் மாட்டார்.

கணவன் மனைவி, மாமியார் மருமகள், ஒரே கம்பெனியில் மேஸ்திரியும் அவருக்குக் கீழ் வேலை செய்பவரும் ஒரே வட்டத்தில் வேண்டாம். எழுத வேண்டிய பாதி விஷயம் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்.

3. இடம்

அதிக அலைச்சல் இதில்தான். ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

கிளை நூலகம் முதல் தேர்வு. பல கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு ஏற்கெனவே இருக்கும். அதன் பெயரில் கேட்டால் நூலகருக்கும் அனுமதி தருவது எளிது. வெள்ளிக்கிழமையும் இரண்டாவது சனிக்கிழமையும் விடுமுறை. பகுதி நேர நூலகமாக இருந்தால் நீங்கள் கேட்கும் நேரத்தில் பூட்டியிருக்கலாம். வாசல் பலகையில் உள்ள நேரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு மனு எழுதுங்கள். நூலகரிடம் கேட்க வேண்டியது வாசிப்பு அறையை அல்ல. மாடி வராந்தாவோ, பழைய இதழ்கள் கட்டி வைத்திருக்கும் பின் அறையோ போதும். வாசிப்பு அறையில் நீங்கள் சத்தமாக வாசித்தால், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் முறைப்பார்கள். அவர்கள் முறைப்பது நியாயம்தான்.

மாநகராட்சிப் பூங்கா இலவசம். பெரம்பூர் முரசொலி மாறன் பூங்கா, ராயபுரம் பக்கம் ராபின்சன் பூங்கா போன்றவற்றில் வட்டமாக உட்கார இடம் உண்டு. எட்டுப் பேர் உட்கார்ந்து பேச யாரும் மனு கேட்பதில்லை. மைக், பேனர், நாற்காலி எதையும் கொண்டுபோகாதீர்கள். பேனர் கட்டிய நிமிடத்தில் அது பொதுக்கூட்டமாகத் தெரியும், அனுமதிக் கேள்வி வரும். பூங்காவில் இரண்டு தொல்லைகள். ஒன்று, நேரம்: உங்கள் பூங்கா எப்போது திறந்திருக்கும் என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று கொசு. ஆறு மணிக்கு மேல் காலைத் தட்டிக்கொண்டே யாரும் மனசு விட்டுப் பேச முடியாது. விளக்கு எரியவில்லை, குப்பை எடுக்கவில்லை என்றால் 1913-க்குப் புகார் சொல்லலாம்.

கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் கூட்ட அறையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். ஏசி இருக்கும், கழிவறை சுத்தமாக இருக்கும், பெண்களுக்குப் பாதுகாப்பான இடம். ஆனால் அறைகள் சின்னவை, வாரா வாரம் எடுத்தால் செலவு கூடும். மழை மாதங்களுக்கு மாற்று இடமாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடி நல்ல இடம்தான், வீட்டு உரிமையாளர் சம்மதித்தால். கேட்கும்போது எத்தனை பேர், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு முடியும் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். "பிரண்ட்ஸ் வருவாங்க" என்று மொட்டையாகச் சொன்னால் மூன்றாவது வாரம் வாடகை ஏற்றும் பேச்சு வரும். குடிக்கத் தண்ணீர் அவரவர் பாட்டிலில் கொண்டுவரட்டும். லாரித் தண்ணீரை அளந்து பிடிக்கும் வீட்டில் எட்டுப் பேர் சொம்பு கேட்பது பெரிய விஷயம்.

வேண்டாத இடங்கள்: வட்டத்தில் உள்ள ஒருவரின் வீட்டு ஹால் (அடுத்த அறையில் கேட்கும் காதுகள் இருக்கும்), டீக்கடை, கட்சி அலுவலகம், எந்த மதத்தின் ஜெபக்கூடமோ பஜனை மடமோ ஆனாலும் அது. கடைசி இரண்டும் ஓசியில் கிடைக்கும். அதற்கான விலையைப் பிறகு வேறு விதமாகக் கேட்பார்கள்.

4. நாளும் நேரமும்

ஞாயிறு மாலை 4 முதல் 6 வரை. வேறு நேரம் யோசிப்பதற்கு முன் இதை முயன்று பாருங்கள். ஞாயிறு காலை காசிமேட்டில் மீன் வாங்கும் கூட்டம், மதியம் சமையல், அதற்குப் பிறகு கொஞ்சம் தூக்கம். நாலு மணிக்குத்தான் வீட்டுப் பெண்களுக்குக் கை ஓயும்.

எண்ணூர், மணலி கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கிறவர்கள் இருந்தால் கணக்கு இப்படி: காலை 6–2, மதியம் 2–10, இரவு 10–6 என்று வாரா வாரம் மாறும். மாலை நாலு மணிக்கு இடிப்பது நடு ஷிப்ட் மட்டும்தான். அவர் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வர மாட்டார் என்று முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அதற்காக எல்லோருடைய நேரத்தையும் மாற்றாதீர்கள். நேரத்தை ஒருமுறை மாற்றினால் இரண்டு பேர் பழைய நேரத்துக்கு வந்து நின்றுவிட்டுப் போவார்கள், மறுவாரம் வர மாட்டார்கள்.

விடுமுறை விட வேண்டிய வாரங்களையும் இப்போதே காலண்டரில் வட்டமிடுங்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு ஞாயிறுகளில் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் கால் வைக்க முடியாது. பௌர்ணமியன்று திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் தெருக்களில் கூட்டம் நெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டால் வியாசர்பாடி ஆள் இந்தப் பக்கம் வர முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வேலையை நம்பிய வீடுகளில் கையில் காசு இருக்காது, மனசு கனமாக இருக்கும். அந்த மாதங்களில் விடுமுறையே விடாதீர்கள், டீ காசும் கேட்காதீர்கள்.

வந்துபோக: சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. மின்சார ரயிலில் குறைந்த கட்டணம் 5 ரூபாய், மெட்ரோவில் 10 ரூபாய். கொருக்குப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை ஒரே ரயில் தடம், வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ஒரே மெட்ரோ தடம். எல்லோரும் ஒரே வண்டியில் வந்து இறங்கும் இடமாகப் பார்த்தால் இருட்டிய பிறகு சேர்ந்து திரும்பலாம். நட்பில் பாதி அந்தத் திரும்பும் வண்டியில்தான் உண்டாகிறது.

5. தாள்களும் செலவும்

நூலகத்துக்கு ஒரு மனு போதும். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். இருக்க வேண்டியவை: உங்கள் பெயர், முகவரி, கைபேசி எண், எத்தனை பேர், எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த இடத்தில் உட்கார விரும்புகிறீர்கள், உணவுப் பொருள் கொண்டுவர மாட்டோம் என்ற உறுதி. ஆதார் நகல் ஒன்று இணையுங்கள். மனு இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வையுங்கள். நூலகர் மாறுதலாகிப் போனால் புதியவருக்குக் காட்ட அந்த ஒரு தாள்தான் இருக்கும். பதில் வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அதுவரை பூங்காவில் கூடுங்கள், காத்திருந்து ஆட்களை இழக்காதீர்கள்.

சங்கமாகப் பதிவு செய்யலாமா என்று யாராவது கேட்பார்கள். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் பதிவு செய்ய முடியும். ஆனால் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவி வந்த அன்றே டைரி மூடிக்கொள்ளும். வேண்டவே வேண்டாம்.

செலவு, தலைக்கு: 192 பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று, பேனா இரண்டு, சேர்த்து 100 ரூபாய்க்குள் முடியும். நோட்டு ஆறு மாதம் வரும். டீயும் பட்டர் பிஸ்கட்டும் வாரம் 20 ரூபாய் என்று வைத்தால் மாதம் 80. போக்குவரத்து அவரவர் பாடு. பொது உண்டியல் வைத்தால் மாதம் தலைக்கு 20 ரூபாய்க்கு மேல் வாங்காதீர்கள், 500 ரூபாய் சேர்ந்தால் செலவழித்துவிடுங்கள். ஒரு கொசுவர்த்தி, ஒரு ஜமுக்காளம், ஒரு கடிகாரம். கடிகாரம் எதற்கு என்று ஏழாவது படியில் தெரியும்.

6. எழுதுவது

வாரத்துக்கு இரண்டு பக்கம். கையெழுத்தில் ஒரு பக்கம் வாசிக்க ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் கேட்பவர் மனம் வேறெங்கோ போய்விடும்.

புதிதாக எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்யும் ஒரே தவறு, மனநிலையை எழுதுவது. "இந்த வாரம் மனசே சரியில்லை, ரொம்பத் தனிமையா இருக்கு" என்று எழுதினால் கேட்பவர் "அப்படியா" என்பார், அவ்வளவுதான். நடந்ததை எழுதச் சொல்லுங்கள். "செவ்வாய்க்கிழமை காலைல அஞ்சு மணிக்குத் தண்ணி லாரி வந்துச்சு. குடம் எடுத்துட்டுப் போனேன். பதினோரு பேர் நின்னாங்க. எல்லாரும் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. என்னை மட்டும் 'மூணாவது வீட்டம்மா, நகருங்க'ன்னாங்க." இதைக் கேட்ட யாரும் அந்த அம்மாவின் பெயரை மறக்க மாட்டார்கள். கிழமை, மணி, இடம், யார் என்ன சொன்னார் என்ற நான்கும் முதல் ஐந்து வரிக்குள் வந்துவிட வேண்டும் என்று விதி வையுங்கள்.

எழுத்தே வராதவர்களுக்கு: வீட்டில் யாராவது ஒருவர் சொல்லச் சொல்ல எழுதித் தர வேண்டும் என்று நினைக்காதீர்கள், அது ரகசியத்தைக் கெடுக்கும். ஐந்து சொற்களைக் குறித்துக்கொண்டு வந்து வாயால் சொல்லட்டும். "லாரி, குடம், பேர், மாமியார், இட்லி மாவு" என்று குறித்தால் கதை தானே வரும்.

பெரிய துயரத்தை எழுத நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், தங்களைப் புண்படுத்திய நிகழ்ச்சியை நாளொன்றுக்கு 15 நிமிடம் வீதம் தொடர்ந்து நான்கு நாள் எழுதிய மாணவர்கள், பின்வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்கள் மனம் முன்னைவிடக் கனத்திருந்தது. இது பலருக்குத் தெரியாததால் முதல் நாளே பயந்து நிறுத்திவிடுகிறார்கள். எழுதியதும் அழுகை வருவதும், ஒன்றிரண்டு மணி நேரம் சோர்ந்திருப்பதும் எதிர்பார்க்க வேண்டியவை. ஆகவே தூங்கப் போகும் நேரத்தில் எழுதாதீர்கள். எழுதியபின் செய்ய ஒரு கைவேலை இருக்கட்டும்: பாத்திரம் கழுவுவது, கீரை ஆய்வது, கடைக்குப் போய் வருவது. இதைத் தொட்டால் நிலைகுலைந்துவிடுவேன் என்று தோன்றும் விஷயத்தைத் தொடவே வேண்டாம் என்பது அவரே சொல்லும் விதி. சாவு நடந்த வீட்டில் அந்த வாரமே உட்கார்ந்து தோண்டவும் வேண்டாம். அந்த வாரம் சும்மா வந்து உட்கார்ந்து மற்றவர் வாசிப்பதைக் கேட்டுவிட்டுப் போகட்டும்.

7. வாசிப்பதும் கேட்பதும்

வட்டம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். இரண்டு மணி நேரத்தை இப்படிப் பிரியுங்கள்.

4:00 – 4:10: வந்து உட்கார, போனை அணைத்துப் பைக்குள் போட.
4:10 – 4:25: எல்லோரும் சேர்ந்து எழுத. வீட்டில் எழுத முடியாதவர்களுக்கு இந்த 15 நிமிடம்தான் கதி.
4:25 – 5:25: ஐந்து பேர் வாசிக்க, ஆளுக்கு 12 நிமிடம்.
5:25 – 5:45: டீ. நூலகத்தில் கூடினால் வெளியே போய்.
5:45 – 6:00: அடுத்த வாரம் யார் வாசிப்பது, யார் யாரோடு வீடு திரும்புவது.

12 நிமிடத்தில் நாலு நிமிடம் வாசிப்பு. அதன்பின் ஒரு முழு நிமிடம் யாரும் பேசக் கூடாது. முதல் சில வாரங்களில் இந்த ஒரு நிமிடம் தாங்க முடியாததாக இருக்கும், யாராவது இருமுவார், யாராவது சிரிப்பார். விடாதீர்கள். கடிகாரம் இதற்குத்தான். போனில் பார்க்கலாமே என்று எடுத்தால் வாட்ஸ்அப் தெரியும்.

பிறகு ஒவ்வொருவரும் ஒன்று மட்டும் செய்யலாம்: கேட்டதில் மனதில் நின்ற ஒரு வரியைத் திருப்பிச் சொல்வது. "பதினோரு பேர் நின்னாங்கன்னு சொன்னீங்கக்கா, அது நின்னுடுச்சு." அவ்வளவு போதும். தான் சொன்னதை இன்னொருவர் வாயில் கேட்கும்போதுதான் சொன்னவருக்கு, "இவங்க நிஜமாவே கேட்டிருக்காங்க" என்று புரிகிறது. பத்து ஆறுதல் வார்த்தை செய்யாததை அது செய்யும்.

சொல்லக் கூடாதவற்றை ஒரு அட்டையில் எழுதி நடுவில் வையுங்கள்:

"நான் உங்க இடத்துல இருந்தா..."
"எல்லாம் சரியாயிடும்."
"இதெல்லாம் ஒரு கஷ்டமா? எங்க வீட்டுல..."
"அவர் பக்கமும் நியாயம் இருக்கும்ல?"

ஆலோசனை சொல்ல வாய் துறுதுறுக்கும். நல்ல மனசுள்ளவர்களுக்குத்தான் அதிகம் துறுதுறுக்கும். வாசித்தவர் தாமாக "நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டால் மட்டும், டீ நேரத்தில், ஒருவர் மட்டும் சொல்லலாம். எட்டுப் பேர் எட்டு வழி சொன்னால் அவர் அடுத்த வாரம் அதில் ஏழு வழிகளை ஏன் செய்யவில்லை என்று விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்குப் பயந்தே வர மாட்டார்.

அழுதால்? டிஷ்யூவையோ தண்ணீரையோ உடனே நீட்டாதீர்கள். அது "போதும், நிறுத்து" என்பது போலப் படும். பக்கத்தில் இருப்பவர் அசையாமல் இருக்கட்டும். அவரே முந்தானையை எடுத்துத் துடைத்துக்கொண்டு நிமிரும்போது தண்ணீர் கொடுங்கள்.

8. ரகசியம்

கேட்டது வட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று எல்லோரும் தலையாட்டுவார்கள். தலையாட்டல் போதாது, என்னென்ன என்று எண்ணிச் சொல்ல வேண்டும். ஒலிப்பதிவு இல்லை, படம் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் இடமும் நேரமும் மட்டும், வாசித்ததைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. கடைத்தெருவில் குடும்பத்தோடு எதிர்ப்பட்டால் "நல்லா இருக்கீங்களா" என்பதோடு சரி, "அந்த விஷயம் என்னாச்சு?" என்று கேட்பது விதிமீறல். வட்டத்துக்குள்ளேயே இரண்டு பேர் தனியாக மூன்றாமவரைப் பற்றிப் பேசுவதும் விதிமீறல்தான், உண்மையில் வட்டங்களை உடைப்பது பெரும்பாலும் அதுதான்.

நோட்டில் யார் பெயரையும் முழுதாக எழுதாதீர்கள். ஒரெழுத்து போதும். நோட்டை வீட்டில் யாராவது எடுத்துப் படிப்பார்கள் என்ற பயம் பாதிப் பேருக்கு உண்டு, பயத்துக்குக் காரணமும் உண்டு. ஒரே ஒரு அறை உள்ள வீட்டில் பூட்டு போட்ட பெட்டி சந்தேகத்தைத்தான் கிளப்பும். தனித்தாளில் எழுதி, வாசித்து முடித்ததும் அங்கேயே கிழித்துவிடுவது பாதுகாப்பானது. எழுதியது போய்விடுமே என்று வருந்த வேண்டாம், கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு விஷயத்தில் ரகசியம் பொருந்தாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒன்று, உயிருக்கு ஆபத்து. இன்னொன்று, ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பதாகத் தெரியவருவது. போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அழைக்கலாம்.

9. பணம்

கைமாற்று கிடையாது. சீட்டு கிடையாது. குழுக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து கிடையாது. பாலிசி, அழகுப் பொருள், சத்துமாவு விற்பனை கிடையாது. மனசு விட்டுப் பேசியவரிடம் "ரெண்டாயிரம் இருக்குமா?" என்று கேட்டால் அவரால் மறுக்க முடியாது. அதனால்தான் கேட்கவே கூடாது. ஒருவருக்கு உண்மையிலேயே நெருக்கடி வந்தால் எல்லோரும் சேர்ந்து, திருப்பி எதிர்பார்க்காத ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு அதைப் பற்றிப் பேசாமல் இருங்கள். கடனாகக் கொடுத்தால் பணத்தோடு ஆளும் போய்விடுவார்.

10. உங்கள் கைமீறும் நேரம்

தூக்கம் இரண்டு வாரமாக இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, குளிக்கவே பிடிக்கவில்லை, காதில் குரல் கேட்கிறது என்று ஒருவர் வாசித்தால் அவருக்கு உங்களோடு மருத்துவரும் வேண்டும். ராயபுரம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மேடவாக்கம் குளச் சாலையில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. இரண்டிலும் கட்டணம் இல்லை. காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும். ஆதார் நகல், பழைய மருந்துச் சீட்டு, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, இவற்றை எடுத்துப் போங்கள். வட்டத்திலிருந்து ஒருவர் அரை நாள் சம்பளம் போனாலும் கூடப் போக வேண்டும். தனியாக அனுப்பினால் பாதி வழியில் திரும்பிவிடுவார்கள்.

சாகலாம் போலிருக்கிறது என்ற அர்த்தத்தில் ஒரு வரி வந்தால் நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுடணும்னு நினைக்கிறீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்காமல் விட்டால்தான் அவர் அதைத் தனியாகச் சுமப்பார். ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள், வீட்டில் உள்ள மாத்திரைகள், எலி மருந்து ஆகியவற்றை அப்புறப்படுத்தச் செய்யுங்கள், அவரை உட்கார வைத்தே போன் போடுங்கள். அரசின் டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104, 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா அமைப்பு 044-24640050. அவர் ஏற்கெனவே எதையாவது விழுங்கியிருந்தால் பேச்சே வேண்டாம், 108. வீட்டில் அடி விழுகிறது என்று எழுதும் பெண்களுக்கு 181.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை விட முயன்றவர், மாறாக நிரூபிக்கப்படாத வரை, கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. இதை வட்டத்தில் எல்லோருக்கும் ஒருமுறை சொல்லி வையுங்கள்.

11. ஒருவர் வராத வாரம்

ஒவ்வொரு வாரமும் ஒருவருக்கு ஒரே ஒரு வேலை: வராதவருக்கு அன்றே போன் செய்வது. முறை வைத்துக்கொள்ளுங்கள், எப்போதும் ஒரே ஆள் செய்தால் அது மேற்பார்வை போலாகிவிடும். எட்டு மணிக்கு மேல், ஒன்பதுக்குள். அந்த நேரத்தில்தான் சாப்பாடு முடிந்து கொஞ்சம் மூச்சு விட முடியும்.

"ஏன் வரலை?" என்று ஆரம்பிக்காதீர்கள். அதற்கு அவர் ஒரு காரணம் தயார் செய்ய வேண்டும். கூட்டத்தில் யார் என்ன வாசித்தார் என்றும் சொல்லாதீர்கள். "அக்கா, உங்க இடம் காலியா இருந்துச்சு. அடுத்த ஞாயிறு பூங்கா இல்லை, லைப்ரரி மாடிக்கு வந்துடுங்க" என்று சொன்னால் போதும். அவர் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் வைத்துவிடுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் வராவிட்டால் இரண்டு பேர் நேரில் போய் வாசலில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு டஜன் வாழைப்பழம் எடுத்துப் போங்கள், வீட்டில் இருப்பவர்களுக்கு வந்த காரணம் சொல்ல அது உதவும்.